2 டிபி டிஸ்க் போட்டா மட்டும் கெபாசிட்டி கன்னாபின்னான்னு வருது, டிரைவர்ல எங்க தப்பு?

எம்பெடட்_மணி:
எங்க போர்டுல ஸ்கஸி டிஸ்க்குக்கு ஒரு சின்ன லினக்ஸ் டிரைவர் ஓடுது, முன்னாடி இருந்தவர் எழுதிட்டு போனது. ரீட் கெபாசிட்டி 10ன்னு டிஸ்க் சைஸை கேக்கற ஸ்கஸி கமாண்ட் அனுப்பி, வர்ற பதில்ல முதல் 4 பைட்டை வெச்சு கடைசி பிளாக் நம்பரை எடுக்கறாங்க. 500 ஜிபி, 1 டிபி எல்லாம் பிரச்சினையே இல்ல. 2 டிபி போட்டா 3907029167 வரணும், லாக்ல 18446744073321613487ன்னு வருது. கேபிள் மாத்தியாச்சு, டிஸ்க்கும் மாத்தியாச்சு, அதே நம்பர். கோட் இதான்:
யு64 கடைசி = பஃப்[0] << 24 | பஃப்[1] << 16 | பஃப்[2] << 8 | பஃப்[3];
பஃப் யு8 அரே (யு8, யு32, யு64ன்னா 8, 32, 64 பிட் அன்சைன்டு, அதாவது மைனஸ் வராத எண்). எல்லாமே அன்சைன்டு தானே, அப்புறம் எப்படி இப்படி?

பிட்மாஸ்க்:
ஷிஃப்ட் பண்றதுக்கு முன்னாடியே யு8 சைன்டு இன்ட்டா (மைனஸும் வரக்கூடிய 32 பிட் எண்) மாறிடும், சி அப்படித்தான். உங்க 2 டிபி டிஸ்க்குல முதல் பைட் 232, 128 தொட்டாலே போதும், 24 தள்ளினதும் 31ஆவது பிட் 1 ஆகி மதிப்பு -387938129ன்னு ஆயிடும், அதை யு64ல போட்டா மேல இருக்கற 32 பிட்டும் 1 ஆகி நிரம்பிடும். 1 டிபி டிஸ்க்குல அந்த பைட் 116 தான், அதான் தப்பிச்சுது. (யு32)பஃப்[0] << 24ன்னு போட்டா சரியாயிடும், ஆனா கெர்னல்லயே 4 பைட்டை சேர்த்து ஒரு நம்பரா தர்ற கெட்_அன்அலைன்ட்_பிஇ32 இருக்கறப்ப கையால ஷிஃப்ட் எழுதறதே வேண்டாத வேலை.

எம்பெடட்_மணி:
சூப்பர், நம்பர் சரியா வருது. ஆனா கடைசியையும் யு32 ஆக்கிட்டேன், இப்ப மொத்த சைஸ் 3239141376 பைட்னு காட்டுது, 2 டிபிக்கு 3 ஜிபியா? பிளாக்ங்கறது மொத்த பிளாக் எண்ணிக்கை, ஒண்ணு 512 பைட். (யு64)(பிளாக் * 512)ன்னு காஸ்ட் (டைப் மாத்தறது) எல்லாம் இருக்கே.

பழைய_கெர்னல்காரன்:
காஸ்ட் பிராக்கெட்டுக்கு வெளிய இருக்கு பாருங்க. பெருக்கல் 32 பிட்லயே முடிஞ்சு மேல் பிட்டெல்லாம் போனப்புறம் யு64 ஆக்கி என்ன பிரயோஜனம். (யு64)பிளாக் * 512.

அப்புறம் 4 டிபி டிஸ்க் வந்தா அடுத்த கூத்து. ரீட் கெபாசிட்டி 10ல அடங்காத டிஸ்க்குன்னா 4294967295ன்னு பதில் வரும், ரீட் கெபாசிட்டி 16ஐ கேளுன்னு அர்த்தம். அதை பாக்காம யு32லயே 1 கூட்டினா சைபர். 16ல கடைசி பிளாக் நம்பர் 8 பைட்டா வரும், மேல் பாதியை யு32ல வெச்சுகிட்டு << 32 பண்ணிடாதீங்க, அது அன்டிஃபைன்டு, அதாவது என்ன வரும்னு சி சொல்லல. எக்ஸ்86ல 32 பிட் ஷிஃப்ட்டுக்கு கவுன்ட்டோட கீழ் 5 பிட்டை மட்டும்தான் ப்ராசசர் பாக்கும், அதனால தள்ளாத மாதிரி அப்படியே நிக்கும், 32 பிட் ஆர்ம்ல சைபர் ஆகும், கம்பைலர் நடுவுல புகுந்தா எதுவும் ஆகலாம். கெட்_அன்அலைன்ட்_பிஇ64 போட்டுடுங்க. யுபிசான் (அன்டிஃபைன்டு தப்பை கண்டுபிடிக்கற செக்கர்) ஆன் பண்ணி ஓட்டினா இந்த மாதிரி ஷிஃப்ட்டை ரன்டைம்லயே சொல்லிடும்.

பிட்மாஸ்க்:
ஒவ்வொரு தடவையும் பெரிய டிஸ்க் தேட வேண்டாம், பஃபர்ல 232, 224, 136, 175ன்னு கையால போட்டு அந்த ஃபங்ஷனை மட்டும் கூப்பிட்டு பாருங்க, 3907029167 வந்தா அந்த பகுதி ஓகே.