டப்பா தேடப் போன இடத்தில் நடந்தது: நெல்லைப் பக்கத்து ஜியோகேச்சிங் அனுபவங்கள்

பொருநைக்கரை:

ஜியோகேச்சிங்னா யாரோ ஒளிச்சு வச்ச டப்பாவை (அதான் கேச்) ஜிபிஎஸ் வச்சுத் தேடி, உள்ள இருக்கிற லாக் புக்ல பேரெழுதிட்டு வர்ற விளையாட்டு. அதை ஆரம்பிச்ச எல்லாருக்கும் மனசைவிட்டுப் போகாத ஒரு ஆள் இருப்பாங்கன்னு நினைக்கேன். எனக்கு ஒருத்தர் இருக்காரு, அதான் இந்தத் திரி.

எந்தக் கேச்னு சொல்லல, இனிமே தேடப் போறவங்களுக்குக் கெட்டுப்போகும். ஸ்ரீவைகுண்டத்துக்கு மேக்க, ஆத்தங்கரை, ஸ்மால் சைஸ், கடினம் 5க்கு 1.5தான். ஆப் தூரம் பூஜ்ஜியம்னு காட்டுது, கல்லு இடுக்கு, வேரு, பழைய மண்டபத்துத் தூணடி எல்லாம் பாத்தாச்சு, டப்பா இல்ல. ஆப்ல முந்தின ரெண்டு பேரு போட்ட பதிவும் (லாக்) டிஎன்எஃப், அதாவது ‘கிடைக்கல’. நானும் அதையே போட்டுட்டுக் கிளம்பலாம்னு போனை எடுத்தப்ப, கரைமேல ஆடு பத்திட்டு வந்த பெரியவர் நின்னு, “டப்பாவையா தேடுதிய?”ன்னு கேட்டாரு.

மேட்டுல ஒரு ஆலமரம். பொந்துக்குள்ள தோள் வரைக்கும் கைய விட்டு எடுத்தாரு. மூடிமேல சாக்குப் பை சுத்தியிருந்துச்சு. “வெள்ளம் வந்துச்சுல்லா, அன்னிக்கு ஆத்துச் சத்தமே சரியில்ல. ஆட்ட மேட்டுக்கு ஏத்தையில இதையும் எடுத்து வச்சேன். யாரு பொருளோ. வந்து வந்து பேரெழுதிட்டுப் போறாவளே, முக்கியமானதாத்தான் இருக்கும்”னாரு. 2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லுதாரு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டின மழை. அந்த ராத்திரியில ஆட்டோட சேத்து நம்ம டப்பாவையும் காப்பாத்தியிருக்காரு.

லாக் புக்கை விரிச்சேன். பேனாவை நீட்டினேன், வாங்கல. “நீங்களே எழுதுங்க தம்பி. ஊர்ப் பேரையும் போடுங்க, அப்பத்தான யாருன்னு தெரியும்”னாரு. எழுதினேன். எழுதி முடிக்கிற வரைக்கும் குனிஞ்சு அந்தத் தாளையே பாத்துட்டிருந்தாரு.

ஆப்ல நான்தான் கண்டுபிடிச்சதா இருக்கு. அவருக்குக் கணக்கு கிடையாது, அதனால அங்க அவரு இல்ல. இதை எப்படிச் சரிபண்ணுறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை சைக்கிள்:

அண்ணே, பெரியவரு செஞ்சது பெரிய காரியம், மறுக்கல. ஆனா டப்பா இப்ப எங்க இருக்கு? பொந்துலயே விட்டுட்டு வந்திருந்தா அடுத்து வர்றவனும் டிஎன்எஃப்தான் போடுவான். கேச்சை வச்ச ஓனருக்கு எழுதுங்க. 161 மீட்டருக்குள்ள நகர்ந்திருந்தா அவரே ஆயத்தொலைவை (இடத்தைக் காட்டுற ஜிபிஎஸ் எண்) மாத்திக்கிடலாம், அதுக்கு மேலன்னா தளத்துல கேச்சைச் சரிபாக்குற ரிவ்யூவர் பாக்கணும்.

என் கதை வேற மாதிரி. மருத மரத்தடியில சுடலைமாடன் பீடம், அதுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மைக்ரோ, ரொம்பச் சின்ன டப்பா. சாயங்காலம் ஆறரை இருக்கும், டார்ச் அடிச்சுக் கல்லுக்கடியில பாத்துட்டிருக்கேன். பின்னாடி ஆள் வந்த சத்தமே இல்ல. திரும்பினா எட்டுப் பத்துப் பேரு. ஒருத்தரு என் சைக்கிள் ஹேண்டில் பாரைப் பிடிச்சிட்டு நிக்காரு. “சாமி பீடத்துல என்னத்தல தோண்டுத?”

நம்ம ஊருல இந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கு. பழைய கோயில், நடுகல் இருக்கிற இடத்துல புதையல் இருக்குன்னு ராத்திரியில தோண்டிப் போட்டுட்டுப் போற கூட்டம் உண்டு. நான் வெறுங்கைதான், கடப்பாரை எல்லாம் இல்லன்னு காட்டினேன். போன்ல மேப்பைக் காட்டினேன், அது இன்னும் மோசமாப் போச்சு. கடைசியில பூசாரி வந்து, என் கையில மண்ணு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்தாரு. நகக்கண்ணு வரைக்கும் பாத்தாரு. மண்ணு இல்ல. அப்புறந்தான் கைய எடுத்தாங்க. அவரு என் விரலைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தது இன்னும் கையில இருக்க மாதிரி இருக்கு.

பீடம், கோயில், சுடுகாடு பக்கத்துல ஒளிச்சு வைக்காதீங்க. தோண்டிப் புதைக்கிறது விளையாட்டோட விதியிலயே கிடையாது. ஆனா நின்னு கேக்குறவருக்கு அது எப்படித் தெரியும்?

தேரிமணல்:

பாளை சைக்கிள் சொல்றதோட ஒரு பாதிக்கு மட்டும் ஒத்துப்போறேன். மேப்பைக் காட்டினா சந்தேகம்தான் வரும். ஆனா முதல்லயே ஒரு ஆளைப் பாத்து “நான் இன்ன காரியமா வந்திருக்கேன்”னு சொல்லிட்டா பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இந்த விளையாட்டுல ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்கிறதுதான் பழக்கம். நம்ம கிராமத்துக்கு அது சரிப்படாது.

நான் குதிரைமொழித் தேரிக்கு எர்த்கேச் ஒண்ணு எழுதலாம்னு இடம் பாக்கப் போயிருந்தேன். டப்பா கிடையாது, நிலவியல் பாடம் மட்டும்; வர்றவங்க அங்க நின்னு பாத்துக் கேள்விக்குப் பதில் சொல்லணும். செம்மணல் ஏன் சிவப்பா இருக்கு, மணல்மேல படிஞ்ச இரும்பு ஆக்சைடுன்னு எழுதி வச்சிருந்தேன். மணல் நகருமான்னு ரெண்டாவது கேள்வி. அதை நேர்ல எப்படிக் காட்டுறதுன்னு பிடிபடல.

ஒரு பனையேறி அண்ணாச்சி இறங்கி வந்து பட்டையில பதநீர் ஊத்திக் கொடுத்தார். “மணலைப் பாக்கவா அம்புட்டுத் தூரம் வந்திய?”ன்னார். ஆமான்னேன். அவர் ஒரு பனைகிட்ட போய் இடுப்புயரத்துல உள்ளங்கையை வச்சார். “எங்கப்பா ஏறும்போது அடி இங்கன இல்ல, கீழ. நான் பொடியனா இருக்கையில மரம் இன்னும் உயரம். மரம் குட்டையாவல, மணல் ஏறிருச்சு.” சொல்லிட்டுப் பாளை அருவாளைச் சொருகிட்டு அடுத்த மரத்துக்குப் போயிட்டார்.

என் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. அந்தப் பனையைத்தான் இப்ப எர்த்கேச்சுக்கு நடு இடமா வச்சு எழுதிட்டிருக்கேன். நில அனுமதி வாங்குற வேலை பாக்கி.

சர்வே ஓய்வு:

தம்பிமாருக்கும் தங்கச்சிக்கும் வணக்கம். என் அனுபவம் சின்னது. ராதாபுரம் பக்கம் மானாவாரிக் காட்டில் எல்லைக்கல் பக்கத்தில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்றாலைக்கு, ரோட்டுக்கு என்று பலர் வந்து அளந்துபோன ஊர் அது. ஒரு அம்மா வீட்டிலிருந்து ஓடி வந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் பட்டா நகல். மூச்சு வாங்க அதை என்னிடம் நீட்டி, “எங்க காடு இதுல வருதா ஐயா?” என்றார். சர்வே வேலையில் இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோக்குக்காகப் போன இடத்திலும் ஒருவரை அப்படி ஓட வைத்துவிட்டதே என்று இருக்கிறது.

இனி புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். இந்த விளையாட்டே 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நிறுத்தியதால் வந்தது. அதற்கு முன் 100 மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். பிழை நின்ற ஓரிரு நாளில், மே 3 அன்று, ஆரிகான் மாநிலத்தில் டேவ் அல்மர் ஒரு வாளியை மறைத்து வைத்து ஆயத்தொலைவை இணையத்தில் போட்டார். ஆனாலும் இன்றும் போன் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். மரத்தடியில், பாறை ஒதுக்கில், கோபுர நிழலில் இன்னும் கூடும். அம்புக்குறியின் பின்னாலேயே ஓடாதீர்கள். பத்து மீட்டர் நெருங்கியதும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

ஆயத்தொலைவு எழுதும் முறையைக் கவனியுங்கள். கேச்சிங் பக்கத்தில் பாகையும் தசம நிமிடமும் இருக்கும், கூகுள் மேப்பில் தசமப் பாகை. 8 பாகை 42.834 நிமிடம் என்றால் 8.7139. அதை 8.42834 என்று அடித்தால் திருநெல்வேலிக்குப் பதில் 30 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இழுத்துவிடும். பழைய டோப்போ ஷீட்டின் (சர்வே வரைபடத்தின்) ஆயத்தொலைவும் நேராகப் பொருந்தாது. பூமியின் வடிவத்துக்கு அது எவரெஸ்ட் என்ற பழைய கணக்கை அடிப்படையாக வைத்தது, ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணக்கை வைக்கிறது.

கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், இவற்றின் சுற்றுவட்டாரத்தில் போனை நீட்டிக்கொண்டு நடமாட வேண்டாம். சாட்டிலைட் தொடர்புக் கருவி எதையும் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு பானை ஓட்டைக்கூடப் புரட்டக் கூடாது. டப்பாவில் தின்பண்டம் வைக்காதீர்கள், எறும்பும் குரங்கும் வரும். பெண்கள் தனியாகப் போக வேண்டாம்.

கல்லிடைக்காரி:

சர்வே ஐயா, கடைசி வரிக்கு முன்னாடி வரைக்கும் அத்தனையும் தங்கம். கடைசி வரியை எடுத்துடுங்க. இந்த ஆத்துப் படித்துறைக்கு எங்க ஆச்சியும் அவங்க ஆச்சியும் விடியறதுக்கு முன்னாடி தனியாத்தான் குளிக்கப் போனாங்க. எந்த இடம், எந்த நேரம், திரும்ப வர வழி எது, போன்ல சிக்னல் இருக்கா, இதெல்லாம் ஆணும் பாக்க வேண்டியதுதான். மேல ஒரு தம்பியைப் பத்துப் பேர் சுத்தி நின்னதைப் படிச்சீங்கல்ல? அவரைத் தனியாப் போக வேண்டாம்னு யாரும் சொல்லலையே.

என் விஷயம் இது. அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு கேச்ல டிராக்கபிள் இருந்தது, அதாவது ஒரு கேச்ல இருந்து இன்னொண்ணுக்கு நகர்த்திட்டே போக வேண்டிய, எண் போட்ட பொருள். ஜெர்மனியில இருந்து கிளம்பின நாணயம், கன்னியாகுமரி போகணும்ங்கிறது அதோட இலக்கு. கைமாறிக் கைமாறி எத்தனை நாடு தாண்டி வந்திருக்கு! எடுத்து நாகர்கோவில் பக்கம் கொண்டுபோய் வச்சிடலாம்னு ஆசையாப் போனேன். டப்பா இருந்தது, நாணயம் இல்லை. அது இருந்த சின்ன ஜிப் கவர்ல ஒரு பச்சைக் கோலிகுண்டு. கண்ணாடிக்குள்ள சுழி போட்டது, ஒரு கீறல் இல்லாதது.

படித்துறையில பசங்க தண்ணியில குதிச்சிட்டிருந்தாங்க. நான் கவரைக் கையில வச்சிட்டு நிக்கறதைப் பாத்து ஒருத்தன் மட்டும் குதிக்காம நின்னுட்டான். ஒன்பது வயசு இருக்கும். என்னையே பாக்கறான். எடுத்தா அதே மதிப்புல ஒண்ணை வைக்கணும்னு நம்ம விதி இருக்கு. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல, தன்கிட்ட இருந்ததுல நல்லதை வச்சிருக்கான்.

நாணயத்தைக் கேட்டு வாங்கியிருக்கணும்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. டிராக்கபிள் எடுக்கிறவங்களுக்குச் சொந்தமில்லை, நகரணும், அது எனக்கும் தெரியும். கேக்கல. கேக்க மனசு வரல. ஓனருக்கு நடந்ததை அப்படியே எழுதினேன், இன்னும் பதில் இல்லை.

பாளை சைக்கிள்:

அக்கா, பையன்கிட்ட கேட்டுப் பாத்திருக்கலாம்னுதான் நானும் சொல்லுவேன். அது ஜெர்மனிக்காரரோட ஆசை. கோலிகுண்டு அழகுதான், ஆனா குமரிக்குப் போகாது.

கல்லிடைக்காரி:

அப்ப நீங்க வாங்க தம்பி, அவன்கிட்ட நாம சேந்து கேப்போம். கன்னியாகுமரிக்கு அவனையும் கூட்டிட்டுப் போயி அவன் கையாலயே வைக்கச் சொல்லலாம், அவங்க வீட்டுல சம்மதிச்சா.

புதுசு ஆலங்குளம்:

நான் இன்னும் ஒண்ணுகூடத் தேடல. ஆப் மட்டும் இறக்கியிருக்கேன். எங்க ஊர் பக்கத்துல புள்ளியே இல்ல. யாராவது கூட வருவாங்களா?

பொருநைக்கரை:

வாங்க. கடினம், நிலம் (போற பாதை எவ்வளவு கஷ்டம்ங்கிறது) ரெண்டும் 2க்குக் கீழ இருக்கிறதாப் பாத்து ஆரம்பிங்க. கடைசி லாக்ல கண்டுபிடிச்சதா இருக்கான்னும் பாருங்க. பேனா நம்மகிட்ட இருக்கணும், டப்பாவுல பெரும்பாலும் இருக்காது. எல்லாருமாச் சேந்து பாளையங்கோட்டையில ஒரு ஈவென்ட் (தேடுறவங்க கூடுற கூட்டம்) போடலாமா? 2 வாரத்துக்கு முன்னாடியே தளத்துல சமர்ப்பிக்கணும், அதனால தேதியை இப்பவே சொல்லுங்க. அந்தப் பெரியவரையும் கூப்பிடலாம்னு இருக்கேன், ஆடு அடைச்ச பிறகு வர்ற மாதிரி நேரம் வைக்கணும்.

சர்வே ஓய்வு:

சாயங்காலம் என்றால் நான் வருகிறேன். பெண்கள் பற்றிய அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன், தங்கச்சி.