ஹெர்ஷெல் சோதனை: முப்பட்டகம், வெப்பமானி பற்றி யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வில்லியம் ஹெர்ஷெல் 1800இல் செய்த சோதனையைச் செய்து காட்டப் போகிறேன். வெயிலை முப்பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் அதிகச் சூடு! அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் பிடிபட்டது. மின்காந்த நிறமாலையில் அதன் இடம் சுமார் 700 நானோமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை. அப்புறம் நுண்ணலைகள்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அக்ரிலிக் முப்பட்டகம் போதுமா, கண்ணாடிதான் வேண்டுமா? ஹெர்ஷெல் வெப்பமானிக் குமிழுக்குக் கறுப்புப் பூசியிருந்தார். நாம் எதைப் பூசலாம், மார்க்கர் மையே போதுமா? ஒயர் முனையில் உணரி உள்ள மலிவான டிஜிட்டல் வெப்பமானி சரிவருமா?

இன்னொன்று. சூரியனின் கதிர்வீச்சு உச்சம் 500 நானோமீட்டர் பக்கம், அதாவது பச்சையருகே என்று பாடத்தில் படிக்கிறார்கள். பிறகு சிவப்புக்கு வெளியே ஏன் அதிகச் சூடு என்று யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். நீண்ட அலைகளை முப்பட்டகம் குறைவாகவே விரிப்பதால் அவை நெருக்கமாக விழுகின்றன என்பது எனக்குத் தெரியும். அதை அந்த வயதுக்குப் புரியும்படி காட்டும் நல்ல படம் இருந்தால் பகிருங்கள்.

டிவி ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியை போன் கேமராவில் காட்டும் யோசனை மட்டும் வேண்டாம், பிள்ளைகளுக்கு அது அலுத்துவிட்டது. மழை தொடங்குவதற்குள் செய்துவிடப் பார்க்கிறேன்.