கடன் ஃபைலில் ஏஐ பரிந்துரை: அலுவலர் பார்க்கிறாரா, தலையாட்டுகிறாரா?

வரவுசெலவு என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டது:
கடன் விண்ணப்பங்களுக்கு ஏஐ ஸ்கோரும், 'ஏற்கலாம் / நிராகரிக்கலாம்' என்ற பரிந்துரையும் வரும். கடைசி பட்டனை அலுவலர்தான் அழுத்த வேண்டும். சோதனை ஓட்டத்தில் யாரும் பரிந்துரையை மாற்றுவதே இல்லை. மாடல் அவ்வளவு சரியா, இல்லை ஆட்கள் படிக்காமலே அழுத்துகிறார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒப்புகை:
பரிந்துரையை எத்தனை முறை மாற்றினார்கள் என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விடை தெரிந்த பழைய ஃபைல்கள் 20 எடுங்கள். ஐந்தில் வேண்டுமென்றே தப்பான பரிந்துரை போட்டு அன்றாட ஃபைல் கட்டுக்குள் கலந்துவிடுங்கள். மாத வருமானம் ஆண்டு வருமானமாகப் பதிவானது மாதிரி, ஆவணத்தைத் திறந்தால் பிடிபடும் தப்பாக இருக்கட்டும். இப்படிச் சோதனை உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். எந்த ஃபைல் என்று மட்டும் சொல்ல வேண்டாம். இணைப்புகளைத் திறந்தாரா என்பதும் லாகில் பதிவாகட்டும்.

அலுவலரைத் திட்டுவதற்கு முன் ஒரு கணக்கு: 8 மணி நேரத்துக்கு 120 ஃபைல் என்றால் ஒன்றுக்கு 4 நிமிடம். ஆறு மாத வங்கி அறிக்கையை அதற்குள் யார் படிப்பார்?

நடுப்பக்கம்:
கோளாறு பெரும்பாலும் ஸ்க்ரீனில்தான். பச்சை, சிவப்பு முதலில் கண்ணில் பட்டால் அதற்குத் தோதான காரணத்தைத்தான் மனசு தேடும். அலுவலர் தன் முடிவைப் பதிந்த பிறகே ஸ்கோர் தெரியட்டும். இரண்டும் சேமிக்கப்பட வேண்டும். முரண்பட்டால் மூன்றாமவர் பார்க்கட்டும், எது யாருடையது என்று தெரியாமல்.

இன்னொன்று: ஒத்துப்போக ஒரே க்ளிக், மாற்றினால் மட்டும் காரணம் எழுத ஒரு பெட்டி. இப்படி வைத்தால் எவர் மாற்றுவார்? இரண்டுக்கும் காரணம் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டுக்கும் வேண்டாம். ஸ்கோருக்குப் பக்கத்தில் விளக்கம் காட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். நம்பாதீர்கள், தப்பான பரிந்துரைக்கும் விளக்கம் அழகாகவே வரும்.

ஒப்புகை:
எல்லா ஃபைலுக்கும் ஸ்கோரை மறைத்துவைத்தால் வேலை தேங்கும். நிராகரிப்புகள், எல்லைக்கோட்டில் நிற்பவை, மீதியில் பத்துக்கு ஒன்று. இதுவே போதும்.

சட்டத்தாள்:
'பட்டனை மனிதர்தானே அழுத்தினார்' என்ற வாதம் ஐரோப்பாவில் செல்லவில்லை. கடன் கொடுப்பவர் ஸ்கோரைப் பெரிதும் சார்ந்தே முடிவெடுத்தால், ஸ்கோர் கணிப்பதே ஜிடிபிஆர் (ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) 22ஆம் பிரிவு கட்டுப்படுத்தும் தானியங்கி முடிவு என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஷூஃபா (ஜெர்மனியின் கடன் தகவல் நிறுவனம்) வழக்கில் 2023 டிசம்பர் 7 அன்று சொல்லிவிட்டது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவுக்கு இணையாக எதுவும் இல்லை. அதனால் நிராகரிப்புக் கடிதத்தை நீங்களே ஒழுங்காக எழுதுங்கள். 'ஸ்கோர் குறைவு' என்றால் விண்ணப்பதாரரால் ஒன்றும் செய்ய முடியாது. 'மார்ச் சம்பளச் சீட்டு இல்லை' என்றால் மறுநாளே கொண்டுவந்து கொடுப்பார்.