அந்தப் பழுப்பு ஃபிலிம்: கண்டுபிடிப்பா, பூட்டா?

மைக்கறை:
நேற்று இரவு பிரிண்டர் கார்ட்ரிட்ஜைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். ஆராய்ச்சி ஆர்வம் எதுவும் இல்லை, வெறும் ஆத்திரம்தான். கடையில் மை நிரப்பி வாங்கி வந்தேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ‘கார்ட்ரிட்ஜ் பழுது’ என்று திரையில் காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம். புதிதாக ஒரு ஜோடி கார்ட்ரிட்ஜ் வாங்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் பிரிண்டரே வந்துவிடும்.

உள்ளே என்ன இருந்தது? பிளாஸ்டிக் டப்பா, மூன்று அறை, அறைக்கு ஒரு பஞ்சு. அவ்வளவுதான். வெளியேதான் விசேஷம். பின்சுவரில் தொடங்கி அடிப்பக்கம் வரை மடிந்து ஒட்டியிருக்கும் பழுப்பு ஃபிலிம். அதில் வரிசை வரிசையாகத் தங்கப் பொட்டுகள். மை ஊற்றி வைக்கும் டப்பாவுக்குத் தங்கப் பொட்டு எதற்கு? தூக்கி எறியப் போகும் பொருளில் விலை உயர்ந்த சர்க்யூட்டை வேண்டுமென்றே ஒட்டி, அதற்கு ஒரு காப்புரிமையும் வாங்கிவைத்து, மற்றவர் யாரும் செய்யவிடாமல் தடுக்கும் ஏற்பாடு இது. கண்டுபிடிப்பு என்கிறார்கள், நான் பூட்டு என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

செம்புத்தடம்:
வந்துவிட்டேன். வளையும் சர்க்யூட் தயாரிக்கும் தொழிற்சாலையில்தான் எனக்குச் சோறு. அதனால் நான் நடுநிலை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் ஒன்று கேட்கிறேன்: அந்த ஃபிலிமை உரித்தீர்களா?

மைக்கறை:
உரித்தேன். மேசை முழுக்க மை. விரல் இன்னும் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது.

செம்புத்தடம்:
அப்படியானால் நீங்கள் பூட்டை உடைக்கவில்லை, இயந்திரத்தின் தலையைக் கொய்துவிட்டீர்கள். உங்கள் வகைக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் மை வெளியேறும் துளைகள் அந்த ஃபிலிமிலேயே இருக்கும். பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கில் லேசரால் சுட்டெடுத்த துளைகள்; தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. உரித்தபோது ஃபிலிமோடு ஒட்டிக்கொண்டு மினுமினுப்பான ஒரு சில்லு வந்திருக்குமே, அது சிலிக்கான். அதில் துளைக்கு ஒன்றாகக் குட்டி ஹீட்டர்கள் இருக்கின்றன. மின்துடிப்பு வந்ததும், ஹீட்டரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய மைப்படலம் மட்டும் சில மைக்ரோவிநாடிகளில் 300 டிகிரி வரை சூடேறிக் குமிழியாகிறது. குமிழி தள்ளுகிற தள்ளில் ஒரு துளி வெளியே தெறிக்கிறது. குமிழி அமுங்கியதும் அந்த இடத்துக்கு அடுத்த துளிக்கான மை வந்து நிற்கிறது. இது ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

டப்பா என்றீர்கள். அச்சிடுவதே அந்த டப்பாதான். பிரிண்டர் என்று நீங்கள் வாங்கி வைத்திருப்பது அதை இடமும் வலமும் இழுத்துக்கொண்டு ஓடும் வண்டி.

சரி, ஃபிலிம் எதற்கு? துளைகளுக்கும் தாளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. அந்த இடுக்கில் மின்தொடர்பு வைக்க முடியாது. வைத்தாலும் மை தெறித்து நாசமாகும். ஆகவே மின்சாரம் பின்சுவரில் இருக்கும் தங்கப் பொட்டுகள் வழியாக உள்ளே வந்து, மூலையில் செங்குத்தாகத் திரும்பி, அடிப்பக்கச் சில்லுக்குப் போகவேண்டும். விறைப்பான போர்டு மூலையில் திரும்பாது. செம்புத் தடம் பதித்த ஃபிலிம் திரும்பும். பாலிஇமைடைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு: சூடு தாங்கும், மையில் சுலபமாகக் கரையாது. டூபாண்ட் கம்பெனி உருவாக்கிய காப்டன் ஃபிலிம் இந்தக் குடும்பம்தான். நிலவில் இறங்கிய அப்போலோ கலத்துக்குப் போர்த்திய போர்வையிலும் அது இருந்தது. உங்கள் மேசையில் கிடப்பது அதற்குத் தம்பி முறை.

மைக்கறை:
அப்போலோவை இழுத்துவந்தால் விலை குறைந்துவிடுமா? துளையும் சில்லும் சேர்ந்த அந்தத் தலை தேய்கிற பொருள் என்றால் தலையை மட்டும் தனியாக விற்கலாம், மையைத் தனியாக விற்கலாம். இரண்டையும் ஒட்டவைத்தது யாருடைய நன்மைக்காக?

செம்புத்தடம்:
ஒட்டவைத்த கதையைச் சொல்கிறேன். 1970களின் கடைசியில், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், இரண்டு இடங்களில் இதே யோசனை பிறந்தது. ஜப்பானில் கேனன் நிறுவனத்தின் இச்சிரோ எண்டோ. மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் கம்பி தற்செயலாகப் பட்டு மை பீறிட்டதாம். அமெரிக்காவில் எச்பியின் ஜான் வாட். அவருக்குக் காபி கொதித்து மேலே துள்ளும் பெர்கோலேட்டர் நினைவுக்கு வந்ததாகச் சொல்வார்கள்.

அவர்களின் தலைவலியைக் கவனியுங்கள். ஹீட்டர் கருகும், துளை அடைக்கும். பல ஆண்டு உழைக்கும் தலையாக அதை அன்று செய்ய முடியவில்லை. அப்போதுதான் வழக்கத்துக்கு நேர்மாறான யோசனை வந்தது: தலை நீண்ட நாள் உழைக்கவே வேண்டாம், மை தீரும் வரை உழைத்தால் போதும், இரண்டும் சேர்ந்தே போகட்டும். 1984இல் வந்த எச்பி திங்க்ஜெட் அப்படிப்பட்டதுதான். அடைத்துக்கொண்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை. கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் முடிந்தது. மை பிரிண்டர் வீட்டு மேசைக்கு வந்தது இந்த யோசனையால்தான்.

திங்க்ஜெட்டில் 12 துளைகள், 13 பொட்டுகள்: துளைக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொன்று. 1988இல் டெஸ்க்ஜெட் வந்தபோது 50 துளைகள். இன்று நூற்றுக்கணக்கில். ஆனால் உங்கள் பொட்டுகளை எண்ணிப் பாருங்கள்.

மைக்கறை:
எண்ணினேன். 50 வரவில்லை.

செம்புத்தடம்:
வராது. துளைக்கு ஒரு கம்பி என்று போனால் ஃபிலிம் பாய் அளவுக்கு விரிந்துவிடும். அதனால் சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்களைச் சில்லிலேயே சேர்த்துவிட்டார்கள். எத்தனையாவது வரிசை, அதில் எத்தனையாவது துளை என்று முகவரி சொன்னால் போதும், அந்த ஹீட்டர் மட்டும் சூடாகும். கொஞ்சம் பொட்டுகளை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான துளைகளை ஆட்டிவைப்பது இப்படித்தான். பூட்டுப் போட நினைத்தவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

சிரிஞ்சுக்காரர்:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள். நடுவில் தொழில்காரன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். மை நிரப்பும் கடை வைத்திருக்கிறேன்.

மைக்கறை ஐயா, பஞ்சு ஒழுங்காக இருந்தால் ஃபிலிமை உரித்தாலும் மை மெதுவாகத்தான் கசியும். பஞ்சு பிடித்து வைத்துக்கொள்ளும். மேசை முழுக்கக் கொட்டியது என்றால் உங்கள் கடைக்காரர் தாராள மனதோடு ஏற்றியிருக்கிறார். அளவு மீறினால் மை அடியில் ஊறி, ஃபிலிமின் ஓரத்துக்குள் புகுந்து, பொட்டுகளைத் தொட்டுவிடும். அடுத்தடுத்த பொட்டுகளுக்கு மையே பாலம் போட்டால் பிரிண்டர் வேறென்ன சொல்லும்? பழுது என்றுதான் சொல்லும். இன்னொரு சாத்தியமும் உண்டு. மை தீர்ந்த பிறகும் ‘இன்னும் நாலு பக்கம்’ என்று ஓட்டினீர்களா? ஹீட்டருக்குக் குளிர்ச்சி தருவதே மைதான். வறண்டு ஓடினால் கருகிவிடும். கருகியதில் எந்த மையை ஏற்றினாலும் வேலைக்காகாது.

நான் செய்வதைச் சொல்கிறேன். டிஷ்யூவை வெந்நீரில் நனைத்து மடித்து வைப்பேன். துளைப் பக்கத்தை அதன்மேல் ஒரே ஒரு முறை, தேய்க்காமல், ஒற்றி எடுப்பேன். மூன்று நிறத்திலும் அறுபடாத கோடு விழுந்தால் வாடிக்கையாளரிடம் காசு வாங்குவேன். ஒரு கோடு பாதியில் நின்றால் வாங்க மாட்டேன். பொட்டுகளைத் துடைக்க, நூல் பிரியாத துணியும் காய்ச்சி வடித்த நீரும் போதும். சிலர் பள்ளிக்கூட ரப்பரை வைத்துத் தேய்ப்பார்கள். அழுக்கோடு தங்கமும் போய்விடும்.

ஒரு வேடிக்கை. புதிய கார்ட்ரிட்ஜில் துளையை மூடிப் பாதுகாப்பு நாடா ஒட்டியிருக்கும். அதை உரிக்கச் சொன்னால் பழுப்பு ஃபிலிமையும் சேர்த்து உரித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. “அண்ணே, ரெண்டு ஸ்டிக்கரையும் எடுத்துட்டேன், ஓடலை” என்பார்கள். நான் எதுவும் சொல்வதில்லை.

ஆனாலும் என் வோட்டு மைக்கறைக்குத்தான். ஃபிலிமில் குற்றமில்லை. என் தொழிலைக் கெடுப்பது, சில கார்ட்ரிட்ஜ்களில் மைக் கணக்கு வைக்க ஒட்டியிருக்கும் சிப்.

மைக்கறை:
நன்றி ஐயா. செம்புத்தடம் பதில் சொல்லட்டும். தலை பிரிண்டரிலேயே நிரந்தரமாக இருக்கும் வகைகள் இருக்கின்றன. எப்சன் அப்படித்தான், சூடு கிடையாது, மின்சாரம் பட்டால் நெளிகிற படிகத்தை வைத்து மையைத் தள்ளுகிறார்கள். அங்கே கார்ட்ரிட்ஜ் வெறும் டப்பாதானே? ஹீட்டர் இல்லை, துளை இல்லை. ஆனாலும் அதன் முதுகில் ஒரு சிப்பும் பொட்டுகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது எந்த மூலையில் திரும்புகிறது?

செம்புத்தடம்:
நல்ல அடி. அந்தச் சிப் மையின் கணக்கை வைத்துக்கொள்கிறது. நிரந்தரத் தலைக்குள் காற்று புகுந்தால் சிரமம் என்பதால், முழுதும் தீருவதற்கு முன்பே நிறுத்தச் சொல்கிறது. அதுவரை நியாயம். கணக்கு எழுத வந்தவர் வாசலில் நின்று ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்று கேட்க ஆரம்பித்தால், அதை நான் ஆதரிக்கப்போவதில்லை. 2016 செப்டம்பரில் எச்பி பிரிண்டர்கள் பல, முந்தைய நாள் வரை ஏற்றுக்கொண்ட வெளிக் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று மறுத்தன. முன்பே உள்ளே வைத்திருந்த ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள், செய்த வேலை அது. சரியாகத் தெரிவிக்கவில்லை என்று பிறகு மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடை இல்லாத ஃபர்ம்வேரையும் கொடுத்தார்கள். அதைப் பூட்டு என்று சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஃபிலிமைச் சொல்லாதீர்கள்.

வாய்தா:
காப்புரிமை என்று முதல் பதிவிலேயே ஒரு வார்த்தை விழுந்தது, யாரும் எடுத்துப் பேசவில்லையே என்று காத்திருந்தேன்.

காப்புரிமை பெற்ற பொருளை நீங்கள் காசு கொடுத்து வாங்கிவிட்டால் அதைப் பழுதுபார்க்கலாம், புதிதாகச் செய்யக்கூடாது. சண்டையெல்லாம் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான். 1997இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எச்பி தோற்றது. எதிராளி எச்பியின் புதிய கார்ட்ரிட்ஜ்களை வாங்கி, மறுபடி மை நிரப்பும்படி மாற்றி விற்றார். அது பழுதுபார்ப்பதற்கு ஒப்பானது என்றார்கள். 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனியின் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: விற்ற கணமே அந்தப் பொருளின்மீது காப்புரிமை தீர்ந்துவிடுகிறது. அது லேசர் பிரிண்டரின் டோனர், அதாவது மைத்தூள் பற்றியது, ஆனால் விதி ஒன்றுதான்.

ஜப்பானில் நேர் எதிர். 2007 நவம்பரில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் கேனன் பக்கம் தீர்ப்பளித்தது. மை தீர்ந்த கேனன் டேங்குகளை வெளி ஆட்கள் சீனாவின் மக்காவு நகரில் துளையிட்டு, கழுவி, மை நிரப்பி ஜப்பானில் விற்றார்கள். அது பழுதுபார்ப்பு இல்லை, புதிதாகச் செய்ததற்குச் சமம் என்று நீதிபதிகள் தடை போட்டார்கள்.

எந்த உறுப்பை வைத்துத் தெரியுமா? ஃபிலிம் இல்லை, சிப் இல்லை. பஞ்சு. இரண்டு பஞ்சுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பொருத்தி, அவை தொடும் எல்லையில் மையை நிறுத்தி, காற்று நுழையாமலும் மை ஒழுகாமலும் தடுப்பது கேனனின் காப்புரிமை. மை தீர்ந்ததும் அந்த எல்லை காய்ந்து செயலற்றுப் போகிறது. கழுவி நிரப்பியவர்கள் அந்தச் செயலை மீட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் குற்றம்.

மைக்கறை, உங்கள் முதல் பதிவில் ‘அறைக்கு ஒரு பஞ்சு, அவ்வளவுதான்’ என்று எழுதியிருந்தீர்கள்.

மைக்கறை:
சரி, குறிவைத்த இடம் தவறு. துப்பாக்கி சரி.

ஆனால் ஒன்று. 2010இல் எப்சன் இந்தோனேசியாவில் டேங்க் பிரிண்டரைக் கொண்டுவந்தது. பாட்டிலில் மை வாங்கி நாமே ஊற்றிக்கொள்ளலாம். வெளி ஆட்கள் பிரிண்டருக்குக் குழாயும் டேங்கும் மாட்டி விற்றுக்கொண்டிருந்ததைத்தான் கம்பெனியே செய்தது. பிறகு மற்றவர்களும் வந்தார்கள். அதாவது மையைத் தனியாக விற்க முடியும். முடியாது என்று இத்தனை ஆண்டு நாம் நம்பிக்கொண்டிருந்தோம்.

சிரிஞ்சுக்காரர்:
அதில் பிரிண்டரின் விலை அதிகம் ஐயா. பிரிண்டரில் விட்டதை மையில் எடுப்பார்கள், அல்லது மையில் விட்டதைப் பிரிண்டரில் எடுப்பார்கள். மாதம் 20 தாள் எடுக்கிற வீட்டுக்கு டேங்க் எதற்கு?

செம்புத்தடம்:
டேங்கை நானும் பாராட்டுகிறேன். ஆனால் சூட்டு முறையில் ஓடும் டேங்க் பிரிண்டர் ஒன்றின் மூடியைத் திறந்து, குழாய்கள் போய்ச் சேருமிடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். தயவுசெய்து எதையும் உரிக்காதீர்கள்.

மைக்கறை:
அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது, இன்று திறந்து பார்த்தேன். இரண்டு தலைகள். இரண்டிலும் அதே பழுப்பு ஃபிலிம், அதே தங்கப் பொட்டுகள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மை தீர்ந்தால் அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நான் முதலிலிருந்து சொல்வதும் அதுதானே.

செம்புத்தடம்:
நீங்கள் முதலில் சொன்னது அது இல்லை. மேலே போய்ப் படியுங்கள்.