சாக்லேட் கடையில் ரேடியோ போட ஆண்டுக் கட்டணம் கேட்கிறார்கள், கட்டணுமா? (கொடைக்கானல்)

நாயுடுபுரம் சாக்லேட்:
வணக்கம். நாயுடுபுரத்தில் சின்னதாக ஒரு சாக்லேட் கடை வைத்திருக்கிறோம். முன்னால் கவுன்ட்டர், பின்னால் தயாரிக்கும் அறை. அங்கே நான்கு அக்காமார் மோல்டில் ஊற்றி, ஆறவைத்து, ஃபாயில் சுற்றுகிறார்கள். காலையில் வந்ததும் கோடை பண்பலை 100.5 போட்டுவிடுவார்கள், சாயங்காலம் வரை அதுதான் துணை. சீசனில் கவுன்ட்டரிலும் ஸ்பீக்கர் வைத்து என் செல்போனிலிருந்து பாட்டு போடுவோம்.

போன வாரம் ஒருவர் வந்து ஒரு தாளைக் கொடுத்தார். கடையில் பாட்டு ஒலிக்க ஆண்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் கட்டணும், இல்லாவிட்டால் கேஸ் என்றார். ஒரே பக்கம், கீழே ரப்பர் ஸ்டாம்ப், பக்கத்தில் க்யூஆர் கோடு. யாருடைய பாட்டு, யாருடைய உரிமை என்று ஒரு வரி இல்லை. அக்காமார் பயந்துபோய் ரேடியோவை அணைத்துவிட்டார்கள். அரசு வானொலி கேட்கக்கூடப் பணமா?

பெருமாள்மலை மெஸ்:
அந்த க்யூஆருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க தம்பி. ரேடியோ ஸ்டேஷன்தான் பாட்டுக்குக் காசு கட்டுதே, நாம எதுக்கு இன்னொரு தடவை கட்டணும்?

தாண்டிக்குடி (மதுரையில் வக்கீல் ஆபீஸில் வேலை):
க்யூஆர் விஷயத்தில் மெஸ் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. இரண்டாவது அப்படியில்லை. நிலையம் வாங்கும் உரிமம் ஒலிபரப்புவதற்கு மட்டும்தான். அதை ஒரு கடையில் வாடிக்கையாளர் காதில் விழும்படி வைப்பது, சட்டத்தின் கண்ணில் தனிச் செயல்.

ரேடியோவில் வரும் ஒரு பாட்டில் மூன்று உரிமைகள் இருக்கின்றன. ஒலிபரப்பு, நிலையத்துடையது. ஒலிப்பதிவு, ஆடியோ கம்பெனியுடையது. பாட்டு வரியும் மெட்டும் எழுதியவர், இசையமைத்தவர் பக்கம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவுப்படி, காசு வாங்கிக்கொண்டு ஒலிபரப்பைக் கேட்க வைத்தால்தான் நிலையத்தின் உரிமையை மீறியதாகும். நீங்கள் நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை, ஆகவே அந்தப் பக்கம் தொல்லை இல்லை. மற்ற இரண்டுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

உங்கள் பின்னறை வேறு கதை. பொதுமக்களுக்குக் கேட்கச் செய்வதைத்தான் சட்டம் பேசுகிறது, ஆனால் ‘பொதுமக்கள்’ யார் என்று அது வரையறுக்கவில்லை. வெளியாள் வராத அறையில் நான்கு பேர் வேலை செய்துகொண்டே கேட்பது பொது நிகழ்ச்சி ஆகாது என்று வலுவாக வாதாடலாம். சத்தம் கவுன்ட்டருக்கு வராமல் கதவைச் சாத்திக்கொண்டு அக்காமாரை ரேடியோ போடச் சொல்லுங்கள். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு அந்தப் பாட்டு எவ்வளவு பெரிய ஆறுதல்! ஒரு துண்டுத் தாளுக்காக அதை நிறுத்தக் கூடாது.

கவுன்ட்டர் ஸ்பீக்கரை மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள். ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்களில் மாதச் சந்தா கட்டினாலும், அது சொந்த உபயோகத்துக்குத்தான். கடைக்குச் செல்லாது.

பண்ணைக்காடு சவுண்டு சர்வீஸ்:
குறுக்கே ஒரு கேள்வி சார். கல்யாணத்துக்குப் பாட்டு போட்டால்?

தாண்டிக்குடி:
கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த விருந்து, விழாக்களும் அதே சட்டத்தின் 52(1)(za) பிரிவு தரும் விலக்கில் வருகின்றன. கோயில் சடங்கும் அப்படித்தான். ஹோட்டல்காரர் நடத்தும் நியூ இயர் பார்ட்டிக்கு இது பொருந்தாது.

நாயுடுபுரம் சாக்லேட்:
ரொம்ப நன்றி சார். அப்போ வந்தவருக்கு என்ன பதில் சொல்ல? சும்மா விட்டுவிடலாமா?

தாண்டிக்குடி:
விடாதீர்கள். தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று 63-வது பிரிவு சொல்கிறது. கடிதத்தை ஒதுக்கிப் போட்டால், பின்னால் உண்மையான உரிமையாளரே வரும்போது அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஸ்பீடு போஸ்ட்டில் நான்கு வரி எழுதுங்கள்: எந்தச் சங்கத்தின் (உரிமையாளர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் அமைப்பு) சார்பாகக் கேட்கிறீர்கள், பதிவுச் சான்று எங்கே, கட்டண அட்டவணை எங்கே, எந்தப் பாடல்கள் மீது உங்களுக்கு உரிமை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பதிவு பெற்ற சங்கம் எது என்று மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலக இணையதளத்திலேயே பார்க்கலாம். பாட்டு வரி, மெட்டுக்கு ஐபிஆர்எஸ் என்ற சங்கம் 2017-ல் பதிவு பெற்றது. ஒலிப்பதிவுக்கு ஆர்எம்பிஎல் என்ற சங்கம் 2021-ல். ஒலிப்பதிவுகளுக்கு உரிமம் தரும் பிபிஎல் நிறுவனத்தின் பெயர் சொல்லி வந்தால், அவர்கள் உரிமம் தருவது குறித்த வழக்கில் 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஆணைகள் பிறப்பித்திருக்கின்றன. ஆகவே வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமையே இல்லாதவர் கேஸ் போடுவேன் என்று மிரட்டினால், 60-வது பிரிவின்படி நீங்களே நீதிமன்றம் போய்த் தடை கேட்கலாம்.

பெருமாள்மலை மெஸ்:
எனக்கும் புரிஞ்சுது சார். அப்போ மெஸ்ஸில் பழைய பாட்டு மட்டும் போட்டால்?

தாண்டிக்குடி:
ஒலிப்பதிவுக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. வரிக்கும் மெட்டுக்கும் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள். ரெக்கார்டு பழசாகிவிட்டாலும் பாட்டு எழுதியவரின் குடும்பத்துக்கு உரிமை இருக்கலாம், அண்ணே. சாப்பாட்டு இடத்தில் தினமும் பாட்டு வேண்டுமென்றால், பதிவு பெற்ற சங்கத்தின் அட்டவணையில் உங்கள் அளவு இடத்துக்கு எவ்வளவு என்று பார்த்து, ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கிக் கட்டுங்கள். எழுதியவர்களுக்கும் அதில் பங்கு போகிறது.