சூப்பர் சாயா டென்செட்சு: ராடிட்ஸையே தாண்ட முடியவில்லை, கான்ஜி தெரியாமல் ஆட முடியுமா?

ஒசாகா_செந்தில்

வேலைக்காக ஒசாகாவில் இருக்கிறேன். நிப்பொன்பாஷியில் ஒரு பழைய கேம் கடையில் சூப்பர் ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ கேம் மெஷினும், கூடவே டிராகன் பால் இசட் அனிமேயை வைத்துச் செய்த சூப்பர் சாயா டென்செட்சு கார்ட்ரிட்ஜும் கிடைத்தது. கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு ஜப்பானிய மொழி பேசுவேன், கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) வாசிக்க வராது. சண்டை வந்தால் அட்டைகளை நீட்டுகிறது. ஏதோ ஒன்றை அழுத்துகிறேன், என் பக்கத்து வீரர்கள் கோகுவும் பிக்கலோவும் பறந்து பறந்து அடிக்கிறார்கள், கடைசியில் எதிரி ராடிட்ஸ் இருவரையும் சாய்த்துவிடுகிறான். போதாக்குறைக்கு ராத்திரி போட்ட சேவ் காலையில் காணோம். தொடரலாமா, அலமாரியில் அழகுக்கு வைத்துவிடலாமா?

பழையகேசட்

தம்பி, அலமாரிக்கு அவசரப்படாதீங்க. இந்த கேமை ஆட நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எழுத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அட்டையின் மேல் இடது மூலையில் டிராகன் பால் என்ற உருண்டை இருக்கும். அதில் எத்தனை நட்சத்திரமோ அவ்வளவு அடி. நட்சத்திரத்துக்குப் பதில் இசட் இருந்தால் அதுதான் உச்சம். கீழே வலது மூலையில் இருக்கும் கான்ஜி எண் தற்காப்பு. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் வெறும் படுக்கைக் கோடுகள்தான், பார்த்ததுமே தெரியும். நான்கு முதல் ஏழு வரை உங்கள் ஊர் விலைப்பட்டியல்களிலேயே பழகிவிடலாம். உயிர் குறைந்திருக்கும்போது மேல் மூலையைப் பார்த்து ஆசைப்படாமல் கீழ் மூலையைப் பார்த்து எடுங்கள்.

நடுவில் பெரிதாக இருப்பது குருகுலத்தின் எழுத்து. கூரைக்குக் கீழே கோடுகள் நெரிசலாக அடைந்து கிடந்தால் அது பிக்கலோவின் கூட்டம், பின்னால் கோகுவின் மகன் கோஹானும் அதில்தான். கீழே வால் வலப்பக்கம் வளைந்து நீண்டால் ஆமை, கமேசென்னின் என்ற ஆமைக் குருவின் சீடர்களுக்கு. ஆளும் எழுத்தும் பொருந்தினால் அடி பலமாக விழும். இன்னொன்று, இதயத்துக்கான எழுத்தின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு விழுந்ததுபோல் இருக்கும். அது சிறப்புத் தாக்குதலுக்கான அட்டை. கையில் வந்தால் சில்லறை எதிரிகள்மேல் வீணாக்காதீர்கள்.

ராடிட்ஸிடம் நேராகப் போய் நிற்பதுதான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் சுற்றிப் பறந்து, வருகிறவனை எல்லாம் அடித்து பிபி (பலத்தைக் காட்டும் எண்) ஏற்றிக்கொண்டு அப்புறம் போங்கள்.

சேவ் அழிவது பேட்டரி. அந்தக் காலத்து கார்ட்ரிட்ஜ் பலவற்றில் உள்ளே சிஆர்2032 வட்ட பேட்டரி இருக்கும், அதன் தயவில்தான் சேவ் நிற்கும். திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனி ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டும், பேட்டரியைப் பற்றவைத்து மாற்ற வேண்டும். சால்டரிங் பழக்கமில்லை என்றால் ரிப்பேர் கடையில் கொடுங்கள்.

மித்ரா_ஆர்பிஜி

அவர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் 1992 ஜனவரியில் வந்த கேம் இது, பொறுமையைச் சோதிக்கும். நாலடி பறப்பதற்குள் ஒரு சண்டை, ஒவ்வொரு சண்டைக்கும் அதே அனிமேஷனை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கதைதான் வேண்டும் என்றால் நிண்டெண்டோ டிஎஸ்ஸில் 2009-இல் வந்த அட்டாக் ஆஃப் தி சாயன்ஸ் எடுங்கள். மோனோலித் சாஃப்ட் செய்தது, முறைவைத்து அடிக்கும் வழக்கமான ஆர்பிஜி (பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே ஆடும் கேம்). சாதாரண டிஎஸ் கார்டுகளுக்குப் பிராந்தியப் பூட்டு கிடையாது, அமெரிக்கப் பதிப்பை வாங்கி ஆங்கிலத்திலேயே ஆடலாம்.

பழையகேசட்

மித்ரா, அந்த டிஎஸ் கேம் நல்ல கேம், மறுக்கவில்லை. ஆனால் அது வெஜிடா என்ற எதிரியோடு முடிந்துவிடுகிறது. சூப்பர் சாயா டென்செட்சு 1990, 1991-இல் ஃபேமிகாமில் (சூப்பர் ஃபேமிகாமுக்கு முந்தைய மெஷின்) வந்த இரண்டு கேம்களின் கதையை எடுத்துக்கொண்டு அடுத்த பெரிய வில்லன் ஃப்ரீசா வரை போகிறது. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

மற்ற அனிமேக்களை ஆர்பிஜி ஆக்கும்போது லெவல், அனுபவப் புள்ளி எல்லாவற்றையும் வெளியிலிருந்து ஒட்டவைக்க வேண்டியிருக்கும். இதன் மூலக்கதையை எழுதிய டொரியாமா கதையிலேயே எண்களை எழுதிவைத்துவிட்டார். மாங்காவில், அதாவது மூல காமிக்ஸில், ராடிட்ஸின் பலம் அளக்கும் கருவியான ஸ்கவுட்டர் கோகுவை 334 என்றும் பிக்கலோவை 322 என்றும் காட்டும். ஃப்ரீசா வந்து தன்னுடையது 5,30,000 என்கிறான். கேமில் பிபி என்று ஏறுவது அதே கணக்குதான். மூன்று இலக்கத்தில் தொடங்கிய ஆளை இவ்வளவு தூரம் நாமே இழுத்துக்கொண்டு போகிறோம், ஃப்ரீசாவைச் சந்திக்கும் நாமெக் கிரகத்தில் அந்த பயம் நிஜமாகவே வரும். தொடரில் பார்க்கும்போது கோகு எப்படியும் ஜெயிப்பான் என்று தெரியும். இங்கே பிபி போதவில்லை என்றால் கோகுவும் செத்துத்தான் போவான்!

அனிமேஷன் நீளம் என்பது உண்மை. எனக்கு அதுவே பிடிக்கும்: அட்டையைப் போட்டுவிட்டு, அடி விழுமா தப்புமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற அந்த இரண்டு நொடி.

கான்ஜி வேண்டவே வேண்டாம் என்றால் ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு பேட்ச் உண்டு. ஆனால் அசல் கார்ட்ரிட்ஜை வாங்கி வைத்திருக்கிறீர்கள், அதிலேயே ஆடுங்கள் என்பேன்.

ஒசாகா_செந்தில்

அண்ணே, நன்றி. கீழ் மூலையைப் பார்த்து ஆடினேன், ராடிட்ஸ் காலி! மெஷினை அணைத்தால் சேவ் போய்விடுமே என்று அப்படியே ஓடவிட்டிருக்கிறேன். இப்படியே விட்டால் அடாப்டருக்கு ஒன்றும் ஆகாதே? பேட்டரி மாற்றித் தருகிற கடை சனிக்கிழமைதான் திறக்குமாம்.

பழையகேசட்

அடாப்டர் அசல் என்றால் பயமில்லை, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கைசுட்டால் அணைத்துவிடுங்கள், ராடிட்ஸை மறுபடியும் அடித்துக்கொள்ளலாம்.