சுண்டல் தூக்கை உதைத்தவன்: உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்ததுண்டா?

மஞ்சக்குப்பத்தான்:
தேவனாம்பட்டினம் சில்வர் பீச், ஞாயிறு மாலை. அந்த நேரத்து நெரிசலைக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருபது வயது இருக்கும் ஒருவன், பாட்டி ஒருத்தியின் சுண்டல் தூக்கை உதைத்துக் கவிழ்த்தான். குடித்திருக்கவில்லை. சண்டையும் இல்லை. மணலோடு அவள் சுண்டலை அள்ளுவதை நின்று பார்த்தான். அப்போது கைபேசி அடித்தது. "அம்மா, மாத்திரை போட்டாயா? இதோ வந்துவிடுகிறேன்." அத்தனை குழைவு! மூன்று வாரமாக அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது.

முத்தியால்பேட்டை வாசி:
எனக்கு வாய்த்தவன் அறைத்தோழன். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று 8,000 ரூபாய் வாங்கினான். அடுத்த வாரமே காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் அவன் அப்பா சட்டைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கேட்டதற்குக் கொஞ்சமும் கூசாமல் சிரித்தான்: "நீ நம்பினாய், நான் என்ன செய்ய?" இருவரும் ஒரே அச்சு. சைக்கோக்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியன்:
சைக்கோ என்று முத்திரை குத்த நாம் யார்? என் சைக்கிளில் தினமும் காற்றைப் பிடுங்கிய மாணவன் இன்று மளிகைக் கடை வைத்து மரியாதையாக இருக்கிறான். சமூக விரோத ஆளுமைக் கோளாறு, அதாவது பிறர் உரிமையை மதியாமல் தொடர்ந்து நடக்கும் கோளாறு, என்று 18 வயதுக்கு முன் மருத்துவர்கள் முடிவுசெய்வதில்லை; 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு தலைகாட்டியதா என்றும் பார்ப்பார்கள். டெர்ரி மாஃபிட் என்ற உளவியலாளர் 1993இல் இப்படி நடந்துகொள்வோரை இரண்டு வகையாகப் பிரித்தார். விடலைப் பருவத்தில் கூட்டாளிகளைப் பார்த்துத் தொடங்கி, வயது ஏறியதும் விட்டுவிடுவோர்தான் பெரும்பாலோர். சிறு வயதிலேயே தொடங்கி விடாமல் தொடர்வோர் சிலரே. ஆகவே பெற்றோர்களே, பிள்ளையை அடிக்காதீர்கள். கேட்டவுடன் பைக் வாங்கித் தராதீர்கள். யாரோடு சுற்றுகிறான் என்று பாருங்கள். கடன் கொடுப்பவர்களும் எழுதி வாங்குங்கள்.

முத்தியால்பேட்டை வாசி:
ஐயா, என் பணம் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எதை எழுதி வாங்குவது?

பெயர் வேண்டாம்:
ஆசிரியர் சொன்ன முதல் வகை நான். 19 வயதில், புதுச்சேரி கடற்கரைச் சாலையில், நண்பர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக ஒரு பெரியவரின் குடையைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன். அவர் திட்டவில்லை. "தம்பி, அது என் மகளுடையது" என்றார். தனியாக இருந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். மஞ்சக்குப்பத்தாரே, அவனோடு எத்தனை பேர் இருந்தார்கள்?

மஞ்சக்குப்பத்தான்:
யாருமில்லை. தனியாகத்தான் வந்திருந்தான்.